முதலில் சுவர், கடைசியில் ப்ரொஜெக்டர்

கோயில் திருவிழா, கல்யாண மண்டபம், கடைத் திறப்பு, பள்ளி ஆண்டு விழா, எங்கே போனாலும் இப்போது ஒரு கேள்வி வருகிறது. "கட்டடத்து மேலேயே படம் ஓடுற மாதிரி செய்றாங்களே, அதை நம்ம திண்டுக்கல்லுல செய்ய முடியுமா?" நீங்களும் போனில் பார்த்திருப்பீங்க. தூண்கள் சுழலும், ஜன்னல்கள் உருகி வழியும், செங்கல் ஒவ்வொன்றாகக் கழன்று பறக்கும். விளக்கை அணைத்தால் கட்டடம் பழையபடியே நிற்கும். இதற்குப் பெயர்தான் ப்ரொஜெக்ஷன் மேப்பிங்.

செய்ய முடியும். ஆனால் ஆர்வம் வந்ததும் நம்ம பிள்ளைகள் செய்கிற முதல் வேலை ப்ரொஜெக்டர் வாங்குவது. ஆன்லைனில் விளம்பரம் பார்த்து, கடன் வாங்கியோ வீட்டு நகையை அடகு வைத்தோ வாங்கிவிடுகிறார்கள். முதல் ஆர்டரில் சுவரில் படம் தெரிவதில்லை. முன்பணம் கொடுத்தவர் முகம் சுளிக்கிறார். பெட்டி பரணுக்குப் போகிறது, வட்டி மட்டும் நிற்காமல் ஓடுகிறது. அதனால் இந்த உரையில் நான் சொல்ல வருவது ஒரு வரிசை: முதலில் சுவர், அடுத்தது படம், கடைசியில் ப்ரொஜெக்டர். இந்த வரிசையில் கற்றுக்கொண்டால் கையில் இருக்கிற போனும் நாலு அட்டைப்பெட்டியும் தொடங்குவதற்குப் போதும்.

சாதாரணப் படக்காட்சிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

திரை கட்டி சினிமா போடும்போது, படத்துக்கு ஏற்ற மாதிரி ஒரு வெள்ளைச் சதுரத்தைத் தேடுகிறோம். மேப்பிங்கில் கதை தலைகீழ். இருக்கிற பொருளின் வடிவத்துக்கு ஏற்றபடி படத்தை வெட்டி, வளைத்து, ஒட்டுகிறோம். தையல்காரர் ஆளை அளந்து சட்டை தைப்பது போல, இங்கே சுவரை அளந்து வெளிச்சம் தைக்கிறோம்.

இதற்கு ஒரு மூத்த உறவு உண்டு: ஒலி-ஒளிக் காட்சி. 1952-இல் பிரான்ஸ் நாட்டின் ஷாம்போர் கோட்டையில் அது தொடங்கியது. மதுரை திருமலை நாயக்கர் மகாலில் சிலப்பதிகாரக் கதையோடு நடந்த ஒலி-ஒளிக் காட்சியைப் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்தவர்கள் இங்கே நிறைய பேர் இருப்பீங்க. அதில் வண்ண விளக்குகள் தூண்களுக்குப் பின்னால் மாறி மாறி எரியும், குரல்கள் கதை சொல்லும். படம் எதுவும் தூண்மேல் விழாது. ஆனாலும் பெரிய பாடம் ஒன்று அங்கே இருக்கிறது. அந்த மகாலின் தூண்களும் வளைவுகளும் வெளிர் நிறச் சுதையால் ஆனவை. கொஞ்சம் வெளிச்சம் பட்டாலே வாங்கித் திருப்பித் தரும். சுவர் ஒத்துழைத்தால் பாதி வேலை முடிந்தது.

கணினியை வைத்து ஒரு பொருளின் மேல் அச்சுப் பிசகாமல் வெளிச்சத்தைப் பொருத்தும் ஆராய்ச்சியில் முக்கியமான ஒரு பெயர், நாசிக்கில் பிறந்த ரமேஷ் ராஸ்கர். 2001-இல் அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் அவரும் நண்பர்களும் வெளியிட்ட 'ஷேடர் லேம்ப்ஸ்' என்ற ஆய்வில், மேசை மேல் நிறம் பூசாத ஒரு சின்ன தாஜ்மகால் மாதிரியை வைத்து, ப்ரொஜெக்டர் வெளிச்சத்தாலேயே அதற்கு நிறமும் பளிங்குத் தோற்றமும் கொடுத்துக் காட்டினார்கள். பெரிய அளவில் பார்த்தால், 2022 ஜனவரி 29 அன்று டெல்லியில் நடந்த பாசறை திரும்பும் நிகழ்ச்சியில், வடக்கு, தெற்குச் செயலகக் கட்டடங்களின் சுவர்களே திரையாகின. மேசை மேல் இருந்த மாதிரிக்கும் அந்தப் பெரிய செயலகத்துக்கும் அடிப்படை ஒன்றுதான். அதனால் மேசையிலிருந்தே தொடங்குவதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

நம்ம மலையை வைத்தே ஒரு கணக்கு

திண்டுக்கல்காரர்களுக்கு முதலில் வருகிற ஆசை மலைக்கோட்டைதான். பஸ் நிலையத்தில் இறங்கினாலே கண்ணில் படுகிற பாறை அது. நாயக்கர் காலத்தில் எழுந்து, ஹைதர் அலி, திப்பு சுல்தான் காலத்தையும் பார்த்த கோட்டை. அதன் கதையை அதன் மேலேயே ஓட்டினால் எப்படி இருக்கும்! கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ப்ரொஜெக்டர் கக்குகிற மொத்த வெளிச்சத்தை லூமென்ஸ் என்பார்கள். அந்த வெளிச்சம் எவ்வளவு பரப்பில் பரவுகிறதோ, அதால் வகுத்தால் ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு என்று வரும். அதுதான் லக்ஸ். வாளித் தண்ணீரை ஒரு தொட்டியில் ஊற்றினால் கணுக்கால் வரை நிற்கும். அதே வாளியை வயலில் ஊற்றினால் மண் நனையாது. அவ்வளவுதான் விஷயம்.

3,000 லூமென்ஸ் ப்ரொஜெக்டர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்க.

3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரமுள்ள சுவர்: 6 சதுர மீட்டர். 3,000-ஐ 6-ஆல் வகுத்தால் 500 லக்ஸ். நல்ல அலுவலகத்தில் மேசை மேல் விழுகிற வெளிச்சம் அளவு. அருமையாகத் தெரியும்.

12 மீட்டருக்கு 8 மீட்டர், அதாவது ஒரு பள்ளிக்கூடத்தின் முகப்பு: 96 சதுர மீட்டர். சுமார் 31 லக்ஸ். தெருவிளக்கை அணைத்தால்தான் பார்க்க முடியும்.

60 மீட்டருக்கு 40 மீட்டர், மலையின் ஒரு பக்கத்தில் ஒரு துண்டு மட்டும்: 2,400 சதுர மீட்டர். 1.25 லக்ஸ். ஒன்றும் தெரியாது.

அந்தத் துண்டில் 30 லக்ஸாவது வேண்டுமென்றால் 72,000 லூமென்ஸ் தேவை. அதுவும் வெள்ளைச் சுவராக இருந்தால். நம்ம மலை கருங்கல். வாங்குகிற வெளிச்சத்தில் பெரும்பகுதியை அப்படியே விழுங்கிவிடும். 20,000, 30,000 லூமென்ஸ் மெஷின்களைப் பெரிய நிகழ்ச்சிகளில் வரிசையாக அடுக்குவது இதனால்தான். மலை நமக்கு ஆசையாக இருக்கட்டும். கற்றுக்கொள்ள நம்ம வீட்டுச் சுண்ணாம்புச் சுவரே சிறந்தது.

சுவரைப் படிப்பது எப்படி?

நாலு விஷயம் பாருங்க.

ஒன்று, நிறம். வெள்ளையும் வெளிர் நிறமும் எல்லா வண்ணத்தையும் திருப்பித் தரும். மஞ்சள் சுவர் நீல வெளிச்சத்தைத் தின்றுவிடும். அங்கே நீலக் கடல் காட்டினால் சாம்பலாகத்தான் தெரியும்.

இரண்டு, பளபளப்பு. எனாமல் பூசிய சுவரும் டைல்ஸும் வெளிச்சத்தை ஒரே பக்கமாகத் தெறிக்கவிடும். கண்ணாடி ஜன்னல் வெளிச்சத்தை உள்ளே விட்டுவிடும். சொரசொரப்பான சுண்ணாம்புப் பூச்சு எல்லாப் பக்கமும் சமமாகத் தரும்.

மூன்று, ஏற்கெனவே இருக்கிற வெளிச்சம். இங்கேதான் போன் கைகொடுக்கும். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில், திரையின் மேல்பக்கம் ஒளி உணரி ஒன்று இருக்கும். 'லக்ஸ் மீட்டர்' என்று தேடி ஒரு செயலியைப் போட்டுக்கொண்டு, ராத்திரி எட்டு மணிக்குப் போனின் முதுகைச் சுவரில் சாய்த்து, திரை வெளியே பார்க்கும்படி பிடியுங்க. 15 லக்ஸ் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே சுவரில் உங்கள் படம் 31 லக்ஸ் சேர்த்தால், வெள்ளை இடத்தில் 46, கருப்பு இடத்தில் 15. மூன்றுக்கு ஒன்று. வெளுத்த போஸ்டர் மாதிரி இருக்கும். 500 லக்ஸ் சேர்த்தால் 515-க்கு 15. படம் சுவரை விட்டு எழுந்து நிற்கும். செயலி காட்டுகிற எண் ஆய்வகத் துல்லியம் இல்லைதான். ஒரு சுவரை இன்னொரு சுவரோடு ஒப்பிட அது போதும்.

நான்கு, தூரம். ஒவ்வொரு ப்ரொஜெக்டருக்கும் 'த்ரோ ரேஷியோ' என்று ஒரு எண் உண்டு. அது 1.5 என்றால், 3 மீட்டர் அகலப் படத்துக்கு 4.5 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். தெரு 6 மீட்டர்தான் அகலம் என்றால், எதிர்வீட்டுத் திண்ணையில் வைத்தாலும் 4 மீட்டர் அகலப் படத்துக்கு மேல் வராது. இதை முன்பே கணக்குப் பார்க்காமல் ஆர்டர் எடுத்தால், நிகழ்ச்சி அன்றைக்கு எதிர்வீட்டுச் சுவரை இடிக்கவா முடியும்?

கையில் உள்ள போனை வைத்தே முதல் பாடம்

மூன்று அட்டைப்பெட்டிகளை வெள்ளைத் தாளால் மூடி, ஒன்றின் மேல் ஒன்றாகக் கோணல்மாணலாக அடுக்குங்க. ஒரு நாள் வாடகைக்கோ, பள்ளி கல்லூரியில் கேட்டோ ஒரு சாதாரண ப்ரொஜெக்டர் போதும். அதை அசையாத மேசையில் வையுங்க. ஒருமுறை வைத்தபின் தொடக்கூடாது.

இப்போது போனை கேபிள் வழியாக ப்ரொஜெக்டரோடு இணையுங்க. எல்லா போனும் டைப்-சி வழியாகப் படம் அனுப்பாது, முதலில் சோதித்துக்கொள்ளுங்க. வைஃபை வழியாகவும் செய்யலாம், சற்றுத் தாமதமாக வரும். போனைப் படுக்கைவாட்டில் வைத்து, திரை சுழலாதபடி பூட்டிவிட்டு, படம் வரைகிற ஏதாவது ஒரு செயலியைத் திறந்து, முழுத் திரைக்கும் கருப்புப் பின்னணி கொடுங்க.

இதுதான் சூட்சுமம்: ப்ரொஜெக்டருக்குக் கருப்பு என்றால் வெளிச்சம் இல்லை என்று அர்த்தம். கருப்பு விட்ட இடமெல்லாம் வெட்டி எடுத்தது போல மறைந்துவிடும். இனி போனைப் பார்க்காதீங்க. பெட்டியைப் பாருங்க. விரலால் வெள்ளைக் கோடு இழுத்தால், கோடு பெட்டியின் மேல் நகரும். பெட்டியின் ஓரம் வரும் வரை இழுத்து, மூலையில் திருப்பி, ஒவ்வொரு முகத்தையும் சுற்றி வரைந்து முடியுங்க. பிறகு ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு நிறம் நிரப்புங்க. மேல்முகம் வெளிர், இடது நடுத்தரம், வலது அடர்த்தி. அவ்வளவுதான். தாள் சுற்றிய பெட்டி சட்டென்று கல்லாகவோ மரமாகவோ மாறி நிற்பதைப் பார்த்தால் உங்களுக்கே சிலிர்க்கும்.

இதில் படத்தைத் தனியாக வளைத்துத் திருத்த வேண்டிய வேலையே இல்லை. ப்ரொஜெக்டரின் கண் எதைப் பார்க்கிறதோ, அதையே நீங்கள் வரைந்துவிட்டீங்க. அந்தப் படத்தைச் சேமித்து, அதே அளவு மாறாமல் வீடியோ எடிட்டிங் செயலியில் போட்டு, ஒவ்வொரு முகமாக எரிய வையுங்க, அணையுங்க, வடிவங்களை ஓடவிடுங்க. முதல் மேப்பிங் தயார்.

அடுத்த கட்டத்துக்கு லேப்டாப் வேண்டும். மேப்மேப் என்ற இலவசத் திறந்தநிலை மென்பொருள் இருக்கிறது. டச்டிசைனருக்கு, வணிக நோக்கமில்லாத பயன்பாட்டுக்கு இலவசப் பதிப்பு உண்டு. முப்பரிமாண வடிவங்கள் செய்ய பிளெண்டர், அதுவும் இலவசம். இவற்றில் நாலு மூலைகளைப் பிடித்து இழுத்துப் பொருத்துவது ஒரு முறை. வளைவான தூணுக்கு அது போதாது. படத்தின் மேல் புள்ளிகள் வரிசையாக வரும். ஒவ்வொரு புள்ளியையும் நகர்த்தித் தூணோடு ஒட்ட வேண்டும். மார்கழியில் வாசலில் புள்ளி வைத்துப் பழகிய வீட்டுப் பெண்களுக்கு இது ஒரு பாடமே இல்லை. புள்ளி ஒன்று தள்ளிப்போனால் கோலம் முழுதும் கோணும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

என்ன படம் ஓட்டுவது? இணையத்தில் கிடைக்கிற ரெடிமேட் வீடியோவை எல்லாரும்தான் போடுகிறார்கள். நம்ம ஊரில் என்ன குறை? சின்னாளபட்டி சுங்குடியின் புள்ளிகள், 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டின் உள்ளே நெம்புகோல்கள் நகர்கிற விதம், தாடிக்கொம்பு கோயில் மண்டபத் தூண்களின் கோடுகள், நிலக்கோட்டை மல்லிகை. ஒரு கதவின் மேல் பெரிய பூட்டு ஒன்று திறந்து, உள்ளே கடையின் பெயர் தெரிவதைக் கற்பனை செய்யுங்க. அதை நீங்களே வரைந்தால் காப்புரிமைத் தொல்லையும் இல்லை.

வாங்கும்போது ஏமாறாமல் இருக்க

நாலைந்து சுவர்களில் பழகிய பிறகுதான் வாங்குவதைப் பற்றி யோசிக்க வேண்டும். அப்போது உங்களுக்கு எத்தனை லூமென்ஸ் தேவை என்று நீங்களே சொல்வீங்க. விளம்பரத்தில் வெறும் 'லூமென்ஸ்' என்று பெரிய எண் போட்டிருந்தால் நம்பாதீங்க. 'ஆன்சி லூமென்ஸ்' அல்லது 'ஐ.எஸ்.ஓ. லூமென்ஸ்' எவ்வளவு என்று கேளுங்க. ஆன்சி முறையில், திரையில் விழுந்த வெளிச்சத்தை ஒன்பது இடங்களில் அளந்து சராசரி எடுப்பார்கள். '4-கே சப்போர்ட்' என்றால் 4-கே வீடியோவை உள்ளே வாங்கிக்கொள்ளும் என்றுதான் அர்த்தம். வெளியே விடுகிற உண்மையான அளவுக்கு 'நேட்டிவ் ரெசல்யூஷன்' என்று பெயர். அதைப் பாருங்க.

விளம்பரப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பில்லோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்க. சொன்னது ஒன்று, வந்தது ஒன்று என்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். வாடகையையும் ஒப்பிடுங்க. விலை 40,000 ரூபாய், ஒரு நாள் வாடகை 1,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 40 நாள் வேலை கையில் நிச்சயமாக இல்லாதவரை வாடகைதான் லாபம்.

அனுமதியும் பாதுகாப்பும்

வெளிச்சம் சுவரில் கறை வைக்காது. அதனால் யாரையும் கேட்க வேண்டாம் என்று நினைப்பது தவறு. தனியார் கட்டடம் என்றால் உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்க. கோயில் என்றால் இந்து சமய அறநிலையத் துறையின் செயல் அலுவலரையும், பள்ளிவாசல், தேவாலயம் என்றால் அந்தந்த நிர்வாகத்தையும் கேளுங்க. மலைக்கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். அங்கே துறையின் முன் அனுமதி இல்லாமல் எதுவும் செய்ய முடியாது. சாலையில் கூட்டம் சேரும் என்றால் காவல் நிலையத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்குங்க. ஒலிபெருக்கி இரவு 10 மணிக்கு மேல் கூடாது. வண்டி ஓட்டி வருகிறவர் கண்ணில் கதிர் படாதபடி ப்ரொஜெக்டரை உயரத்தில் வையுங்க. குழந்தைகள் லென்ஸுக்குள் எட்டிப் பார்க்காமல் கயிறு கட்டுங்க.

மின்சாரம்: 3,000 லூமென்ஸ் ப்ரொஜெக்டர் சுமார் 300 வாட்ஸ் இழுக்கும். லேப்டாப் சேர்ந்தாலும் எர்த் உள்ள ஒரு சாதாரண 5 ஆம்ப் பிளக் தாங்கும். பெரிய மெஷினுக்கு மின்வாரியத்தில் தற்காலிக இணைப்பு வாங்குங்க. சந்தேகம் இருந்தால் மின்னகம் 94987 94987. கம்பத்தில் கொக்கி போடுவது மின்திருட்டு. அதைவிட, உயிர் போகிற விஷயம். இன்னொன்று, நம்ம பக்கத்துக் காற்று. ஆடி மாதத்தில் ஸ்டாண்ட் லேசாக ஆடினாலும் படம் சுவரில் ஊசலாடும். மணல் மூட்டை வைத்துக் கட்டுங்க.

இது யாருக்குப் பிழைப்பாகும்?

மைக்செட், லைட்செட் தொழில் செய்கிறவர்களை நான் முதலில் நினைக்கிறேன். சாரம் கட்டுவது, ஒயர் இழுப்பது, சீரியல் செட்டை நேரம் பிசகாமல் ஓடவிடுவது எல்லாம் அவர்களுக்குக் கைவந்த கலை. ஃப்ளெக்ஸ் டிசைன் செய்கிற பிள்ளைகளுக்குப் படம் செய்யத் தெரியும். ஓவியர்களுக்குச் சுவர் தெரியும். இவர்கள் மூன்று பேரும் தனித்தனியாக ஆளுக்கொரு ப்ரொஜெக்டர் வாங்குவதைவிட, ஒரு குழுவாகச் சேர்ந்தால் முதலீடு குறையும், வேலை சுத்தமாக இருக்கும்.

தொழிலாகத் தொடங்கும் கட்டம் வந்தால், மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்க. வேலைவாய்ப்பற்ற இளைஞர்களுக்கான வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் போன்றவற்றில் மானியத்தோடு வங்கிக் கடனுக்கு வழி உண்டா என்று கேளுங்க. கல்லூரியில் படிப்பவர்கள் 'நான் முதல்வன்' திட்டத்தில் வடிவமைப்பு, அனிமேஷன் தொடர்பான பயிற்சி உங்கள் கல்லூரிக்கு இருக்கிறதா என்று விசாரியுங்க. அங்கே போகும்போது வெறும் கையோடு போகாமல், நீங்கள் செய்த மூன்று நிமிட வீடியோவைப் போனில் கொண்டு போங்க. திட்ட அறிக்கையைவிட அது வேகமாகப் பேசும்.

இந்த வாரத்துக்கு ஒரு வேலை மட்டும் தருகிறேன். ப்ரொஜெக்டர் வேண்டாம். இருட்டிய பிறகு உங்கள் தெருவில் நடந்து, மூன்று சுவர்களைத் தேர்ந்தெடுங்க. அகலம், உயரம், நிறம், லக்ஸ், எதிரே எத்தனை மீட்டர் இடம், பக்கத்தில் பிளக் எங்கே, யாரிடம் அனுமதி கேட்க வேண்டும். இந்த ஏழையும் ஒரு நோட்டில் எழுதுங்க. பிறகு 3,000-ஐப் பரப்பால் வகுத்துப் பாருங்க. எந்தச் சுவர் உங்களை அழைக்கிறது என்று கணக்கே சொல்லும். எந்தக் கடனை வாங்கக்கூடாது என்றும் அதே கணக்கு சொல்லும்.